பழைய ஐ7-ம் பெண்கள் பக்க வீடியோவும்: எடிட்டிங் கணினிக்குப் பிராசஸர் வாங்கும் முன்



நம் அறக்கட்டளையின் கர்ளன் ஹஸனா குழுவுக்கு வரும் மனுக்களில் முன்பெல்லாம் தையல் இயந்திரம், ஆட்டோ பழுது, கல்லூரிக் கட்டணம் என்றுதான் இருக்கும். இப்போது அவற்றோடு "வீடியோ எடிட்டிங் செய்யக் கணினி" என்ற மனுவும் வரத் தொடங்கியிருக்கிறது. கொடுப்பது வட்டியில்லாக் கடன். அது பலர் கொடுத்த பணம். திரும்பி வந்தால்தான் அடுத்தவருக்குப் போகும். ஆகவே வாங்கும் பொருள் வேலை செய்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு எங்களுக்கும் உண்டு. அந்தப் பொறுப்பில் நாங்கள் ஒருமுறை சறுக்கினோம். அதிலிருந்தே இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம்.

மனு கொடுத்தவர் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி. நிக்காஹ் வீட்டில் பெண்கள் பக்கம் எடுக்கும் வீடியோவை வெளியூர் ஸ்டுடியோவுக்கு அனுப்ப நம் குடும்பங்கள் பல தயங்குகின்றன. யார் உட்கார்ந்து பார்ப்பார்கள், எந்த டிஸ்கில் தங்கும் என்று தெரியாது. வீட்டிலிருந்தபடியே ஒரு பெண் எடிட் செய்து கொடுத்தால் நிம்மதி. சகோதரிக்குத் தொழில் தெரியும், கேட்டு வருவோரும் இருந்தார்கள். கணினி மட்டும்தான் இல்லை. (நிக்காஹில் வீடியோ எடுக்கலாமா என்ற கேள்வியை உங்கள் பள்ளியின் ஆலிம்களிடம் விட்டுவிடுகிறோம். எடிட்டிங் வேலை நிக்காஹோடு முடிவதில்லை. பயான் பதிவு, மதரஸா ஆண்டு விழா, பிள்ளைகளுக்கான பாடம், கடை விளம்பரம் என்று இன்று பல வழிகளில் வருகிறது.)

கடைக்காரர் கொடுத்த விலைச்சீட்டில் "ஐ7" என்று பெரிதாக எழுதியிருந்தது. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட கணினி. விலை குறைவு. ஐ3, ஐ5-ஐ விட ஐ7 மேல் என்பது எங்களுக்கும் தெரிந்த விஷயமாயிற்றே, உடனே ஒப்புதல் கொடுத்தோம். அதன் முழுப் பெயர் ஐ7-4770. அதை யாரும் வாசிக்கவில்லை.

முதல் நிக்காஹ் வேலை வந்தது. வாடகைக்கு எடுத்த புதிய கேமராவில் பதிவு. கணினியில் போட்டால் படம் ஓடவில்லை. "அண்ணே, போட்டோ போட்டோவா நின்னு நின்னு ஓடுது. சத்தம் முன்னாடி போயிடுது, படம் பின்னாடி வருது" என்று சகோதரி சொன்னபோது, கேமராவில்தான் ஏதோ பழுது என்று நினைத்தோம். மாப்பிள்ளைக்கு விடுப்பு முடிந்து சபுர் கிளம்பும் நாள் வந்துவிட்டது. வீடியோ கையில் இல்லாமலே விமானம் ஏறினார். சகோதரிக்கு அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்கவே சங்கடம். தவணை மட்டும் மாதாமாதம் சரியாக வந்துகொண்டிருந்தது. அதுதான் எங்களை அதிகம் உறுத்தியது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தோம், தெரிந்தவர்களிடம் கேட்டோம்.

வீடியோ என்பது ஒரு பேரேடு

கேமரா ஒரு நொடிக்கு 25 அல்லது 50 படங்களைப் பதிவு செய்கிறது. எல்லாவற்றையும் முழுதாக எழுதினால் கார்டு நிமிடங்களில் நிறைந்துவிடும். ஆகவே ஒரு படத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்து வரும் படங்களில் என்ன மாறியதோ அதை மட்டும் எழுதுகிறது. நம் கடைகளில் மாதத் தொடக்கத்தில் கையிருப்பை எழுதிவிட்டு அதன்பின் வரவையும் செலவையும் மட்டும் எழுதி வருகிறோமே, அதே முறைதான். 17ஆம் தேதி கையில் எவ்வளவு இருந்தது என்று யாராவது கேட்டால், பக்கத்தைத் திருப்பியவுடன் சொல்ல முடியாது. முதல் தேதியிலிருந்து கூட்டிக் கழித்து வர வேண்டும்.

எடிட் செய்பவர் வீடியோவை நேராக உட்கார்ந்து பார்ப்பதில்லை. முன்னே இழுப்பார், பின்னே இழுப்பார், நடுவில் வெட்டுவார், இரண்டு கேமரா பதிவுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். ஒவ்வோர் இழுப்புக்கும் பிராசஸர் அந்தப் பேரேட்டை மறுபடி கூட்டிக் கொடுக்க வேண்டும். எச்.264 என்பது இப்படி எழுதும் முறைகளில் ஒன்று. பெரும்பாலான கைபேசிகளும் கேமராக்களும் பல ஆண்டுகளாக அதைத்தான் பயன்படுத்துகின்றன. அதற்குப் பின் வந்தது எச்.265. ஏறக்குறைய அதே தரத்தைச் சுமார் பாதி இடத்தில் எழுதிவிடும். ஆனால் எழுத்து நுணுக்கமானது, வாசிக்கக் கணக்கு அதிகம். கார்டில் இடம் மிச்சமாகிறது, பாரம் கணினியின் தலையில் ஏறுகிறது.

இந்தப் பாரத்தைத் தாங்க பிராசஸருக்குள்ளேயே ஒரு தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். வேறு எந்த வேலையும் அதற்குத் தெரியாது. இந்தக் கூட்டல் ஒன்றை மட்டும் மின்னல் வேகத்தில், சூடேறாமல் செய்யும். கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து கணக்கை மட்டும் பார்க்கும் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல் நிறுவனம் 2011-இல் வந்த தன் இரண்டாம் தலைமுறைப் பிராசஸர்களில் இதைக் கொண்டுவந்தது. பெயர் குவிக் சிங்க்.

இந்தக் கணக்குப்பிள்ளைக்கு எல்லோருடைய கையெழுத்தும் புரியாது, தனக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்து மட்டும்தான் புரியும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆரம்பத்தில் எச்.264 தெரியும், எச்.265 தெரியாது. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையில் எச்.265-இன் சாதாரண வகை தெரிந்தது. ஏழாம் தலைமுறையில் 10 பிட் வகையும் சேர்ந்தது. இன்றைய நல்ல கேமராக்கள் எழுதும் 10 பிட் 4:2:2 என்ற வகை, மேசைக் கணினிகளில் 2021-இல் வந்த 11ஆம் தலைமுறையில்தான் வந்து சேர்ந்தது.

எங்கள் ஐ7-4770 எந்தத் தலைமுறை? நான்கு. 2013-இல் வந்தது. அதன் கணக்குப்பிள்ளைக்கு எச்.265 ஓர் எழுத்துகூடத் தெரியாது. எல்லாக் கூட்டலும் பொதுப் பிராசஸரின் தலையில் விழுந்தது. அது திணறியது. கேமராவில் எந்தப் பழுதும் இல்லை.

பிட், 4:2:2 என்பதெல்லாம் என்ன என்று கேட்பீர்கள். 8 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10 பிட் என்றால் 1,024 படிகள். மணப்பெண்ணின் பட்டில் ஜரிகையும் நிழலும் சேருமிடத்தில் நிறம் பட்டை பட்டையாகத் தெரியாமல் இழைந்து வருவது இந்தப் படிகளால்தான். 4:2:0, 4:2:2 என்பவை நிற விவரத்தை எவ்வளவு குறைத்து எழுதுகிறார்கள் என்பதைச் சொல்கின்றன. முதலாவதில் நிற விவரம் கால் பங்கு, இரண்டாவதில் பாதி. பின்னால் நிறம் திருத்துவோருக்கு 4:2:2 வசதி. கணினிக்கு அது கூடுதல் சுமை.

பெயரில் எதைப் பார்ப்பது

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே வகுப்பில் முதல், இரண்டாம், மூன்றாம் இடம் போன்றவை. எந்த ஆண்டு வகுப்பு என்பதை அதற்கு அடுத்த எண்தான் சொல்லும். ஐ7-4770-இல் முதல் எண் 4, அதாவது நான்காம் தலைமுறை. ஐ5-12400-இல் முதல் இரண்டு எண்கள் 12, அதாவது 12ஆம் தலைமுறை. 2022-இல் வந்த ஐ3-12100 என்ற சிறிய பிராசஸரிலும் ஐ7-4770-இல் உள்ளது போல 4 கோர்கள், 8 திரெட்கள்தான். ஆனாலும் வேகத்தில் அது அந்த ஐ7-ஐத் தாண்டிவிடும், எச்.265-ஐயும் வாசிக்கும். பழைய ஐ7-ஐ விடப் புதிய ஐ3 மேல் என்று அன்று எங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இப்போது இதில் இன்னும் கவனம் வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் அதிகாரபூர்வமாக ஏற்கும். ஆகவே அலுவலகங்கள் நான்கு முதல் ஏழாம் தலைமுறை வரையிலான கணினிகளைக் கழித்துவிடுகின்றன. அவை "ஐ7, 16 ஜி.பி., எஸ்.எஸ்.டி." என்ற கவர்ச்சியான எழுத்தோடு நம் ஊர்க் கடைகளுக்கும் வருகின்றன. கடிதம் தட்டச்சு செய்யவும், பிள்ளைகள் படிக்கவும், கடைக் கணக்குக்கும் அவை பயன்படலாம். எடிட்டிங் தொழிலுக்கு முதலீடாகப் போடுவதற்கு அல்ல.

அடுத்த பொறி, எண்ணுக்குப் பின்னால் வரும் ஒற்றை எழுத்து. ஐ5-12400 என்றும் ஐ5-12400எஃப் என்றும் இரண்டு உண்டு. எஃப் போட்டதன் விலை சற்றுக் குறைவு. "கிராஃபிக்ஸ் கார்டுதான் தனியாகப் போடுகிறோமே, எஃப் போதும்" என்று கணினி கோத்துக் கொடுப்பவர் சொல்வார். விளையாட்டுக்காக வாங்கும் பையனுக்கு அது சரியான அறிவுரை. எடிட்டிங் செய்பவருக்கு அல்ல. எஃப் என்றால் உள்கிராஃபிக்ஸ் இயங்காது, அதோடு சேர்ந்த குவிக் சிங்க் கணக்குப்பிள்ளையும் போய்விடுவார். என்விடியா கார்டிலும் ஒரு கணக்குப்பிள்ளை உண்டுதான். சாதாரண எச்.264-ஐயும் 10 பிட் 4:2:0 எச்.265-ஐயும் நன்றாகவே வாசிப்பார். ஆனால் 4:2:2 எழுத்து அவருக்கு 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய கார்டை எஃப் பிராசஸரோடு சேர்த்து வாங்கிவிட்டு, புதிய கேமரா பதிவு ஓடவில்லையே என்று தலையைச் சொறிபவர்கள் இருக்கிறார்கள்.

மடிக்கணினிகளில் வேறு எழுத்துகள். யூ என்றால் மின்சாரம் குறைவாகச் செலவழிக்கும் வகை, எச் என்றால் வேலைக்கான வகை. ஒரே ஐ7 பெயரில் இரண்டும் இருக்கும். மூன்று மணி நேர நிக்காஹ் வீடியோவை வெளியேற்ற உட்கார்ந்தால்தான் வித்தியாசம் தெரியும். 2023 டிசம்பரிலிருந்து இன்டெல் "ஐ"-யை எடுத்துவிட்டுக் கோர் அல்ட்ரா 5, 7 என்று புதுப் பெயரும் வைத்து எண்களையும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. கோர் அல்ட்ரா 200 என்றால் 12400-ஐ விடப் பழையது என்று எண்ணிவிடாதீர்கள்.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் நல்ல பிராசஸர்தான், கூட்டு வேலைகளில் வேகமானது. ஆனால் ரைசன் 5 5600-இல் உள்கிராஃபிக்ஸே கிடையாது, 5600ஜி-யில் உண்டு. 7000 வரிசை மேசைக் கணினிப் பிராசஸர்களில் எஃப் தவிர மற்றவற்றில் சிறிய அளவில் இருக்கிறது. கைபேசிப் பதிவு, 8 பிட் கேமராப் பதிவு என்றால் ரைசனோடு ஒரு சாதாரண கார்டு வைத்துக் காலம் தள்ளலாம். 4:2:2 எச்.265 பதிவு வரும் என்றால் எங்கள் பரிந்துரை இன்டெல்தான். இதில் எங்களுக்கு எந்தக் கம்பெனி மீதும் பாசம் இல்லை, அந்தக் குறிப்பிட்ட எழுத்தை வாசிக்கும் வசதிக்காகச் சொல்கிறோம்.

ஆப்பிள் 2020 நவம்பரில் கொண்டுவந்த எம்1 முதல் அதன் எல்லா எம் வரிசைப் பிராசஸர்களும் இந்த 4:2:2-ஐ வாசிக்கின்றன. மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். ஆனால் வாங்கும்போது உள்ள நினைவகத்தைப் பிறகு கூட்ட முடியாது. 8 ஜி.பி. எம்1 மலிவாகக் கிடைக்கிறது என்று தொழிலுக்கு வாங்கினால் பெரிய வேலைகளில் மூச்சு வாங்கும். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எம்4 மேக் மினி 16 ஜி.பி.யில் தொடங்குகிறது. பணம் உள்ளவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர்ப்பக்கம் பழுது பார்க்க ஆள் தேட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

முதலில் கேமரா, பிறகு கணினி

ஆக, கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி "எந்தப் பிராசஸர் பெரியது?" என்பதல்ல. "என் கையில் வரும் பதிவு எது?" என்பதுதான். சோனி ஏ6400 வைத்திருப்பவருக்கு வருவது 8 பிட் 4:2:0 எச்.264. அதற்கு உயர்ந்த கணினி தேவையில்லை. கேனான் ஆர்6-இன் லாக் பதிவும், சோனி ஏ7 நான்காம் மாடலின் எக்ஸ்.ஏ.வி.சி. எச்.எஸ். பதிவும் 10 பிட் 4:2:2 எச்.265 ஆக வரக்கூடியவை. ஐஃபோன் 12 முதல் எச்.டி.ஆர். பதிவு 10 பிட் எச்.265, ஆனால் 4:2:0. சகோதரி வாடகைக்கு எடுத்த கேமராவில் 8 பிட் எச்.264-க்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. மெனுவில் ஒரு வரி. அதைத் தெரிந்திருந்தாலே பாதித் துன்பம் குறைந்திருக்கும்.

கோர் எண்ணிக்கைக்கு வருவோம். வலீமா சமையலில் வெங்காயம் உரிக்க எட்டுப் பேர் உட்கார்ந்தால் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். தேக்சாவைத் தம்மில் போட்டபின் எட்டுப் பேர் சுற்றி நின்றாலும் பிரியாணி சீக்கிரம் வேகாது. வீடியோவை வெளியேற்றுவது, சில எஃபெக்டுகள், இரைச்சல் நீக்குவது இவையெல்லாம் வெங்காயம் உரிக்கும் வகை, கோர் கூடினால் வேகம் கூடும். டைம்லைனில் இழுத்துப் பார்ப்பது பெரும்பாலும் தம் வகை. அங்கே ஒற்றைக் கோரின் வேகமும் மேலே சொன்ன கணக்குப்பிள்ளையும்தான் காரியம் செய்யும். குடும்ப விழா எடிட் செய்பவருக்கு 6 கோர்கள், 12 திரெட்கள் கொண்ட ஐ5-12400 போதும் என்பது எங்கள் அனுபவம். ஒரே நேரத்தில் மூன்று நான்கு கேமராப் பதிவுகளை ஓட்டிப் பார்ப்பவர், தினமும் வேலை உள்ளவர், 12 கோர்கள் கொண்ட ஐ7-12700-க்குப் போகலாம். ஐ9 நம் ஊர் வேலைக்கு வேண்டாம். ஐ9-13900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். அந்தச் சூட்டைத் தணிக்கும் கூலரின் விலையில் நல்ல எஸ்.எஸ்.டி. வாங்கலாம். சித்திரை வெயிலில் ஓட்டுச் சாய்ப்பு அறையில் அதை ஓட்டிப் பார்க்கவும் துணிவு வேண்டும்!

அந்த 13, 14ஆம் தலைமுறை உயர்ரகங்கள் சிலவற்றில் மின்னழுத்தக் கோளாறால் பிராசஸரே கெட்டுப்போவதை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, திருத்த மென்பொருள் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. பழையதாக அவற்றை வாங்குவோர் பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

பிராசஸரில் மிச்சம் பிடித்த பணத்தை நினைவகத்தில் போடுங்கள். 16 ஜி.பி. குறைந்தபட்சம், 4கே வேலை அதிகம் என்றால் 32. ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு துண்டாக வாங்குங்கள். உள்கிராஃபிக்ஸ் அந்த நினைவகத்தையே பகிர்ந்துகொள்வதால் இரு வழியிலும் போய்வந்தால்தான் வேகம் கிடைக்கும். வேலை நடக்கும் பதிவுகள் என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யில், முடிந்தவை ஹார்டு டிஸ்கில்.

வாங்காமலே சமாளிக்கும் வழி

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பலருக்குப் புதுக் கணினியே தேவைப்படாது. பிராக்சி என்று ஒரு முறை இருக்கிறது. கனமான அசல் பதிவுகளிலிருந்து, எடிட் செய்ய எளிதான சிறிய நகல்களைக் கணினியே ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொள்ளும். பேரேட்டுக் கணக்கில் சொன்னால், தினமும் இருப்பை எழுதிவைத்த இன்னொரு நோட்டு. வெட்டுவதும் ஒட்டுவதும் நகலில் நடக்கும், கடைசியில் வெளியேற்றும்போது மென்பொருள் அசலை எடுத்துக்கொள்ளும். பிரீமியர், டாவின்சி ரிசால்வ், இலவசமான கேடென்லைவ், ஷாட்கட் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு.

சகோதரி கடைசியில் அந்த நிக்காஹை முடித்தது இப்படித்தான். இஷாவுக்குப் பின் கணினியைப் பிராக்சி செய்யவிட்டுப் படுப்பார். ஃபஜ்ருக்கு எழுந்து பார்த்தால் சில நாள் முடிந்திருக்கும், சில நாள் நள்ளிரவில் கரண்ட் போய் பாதியில் நின்றிருக்கும். ஒரு யு.பி.எஸ். வாங்கியபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஐ7-ஐ ஐ9 ஆக்குவதைவிட நம் டெல்டா ஊர்களில் யு.பி.எஸ்.தான் முதல் செலவு. கஜா புயல் 2018 நவம்பர் 16-இல் கரை கடந்தபின் நாள்கணக்கில் இருளில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுவடைக் காலத்தில் வரும் நெல் தூசியும் ஃபேனை அடைத்துவிடும். குறுவைக்கு ஒருமுறை, சம்பாவுக்கு ஒருமுறை திறந்து ஊதிச் சுத்தம் செய்தால் போதும்.

மென்பொருள் பற்றி ஒரு வார்த்தை. "கிராக்" போட்ட பிரீமியரைக் கடைக்காரரே ஏற்றித் தருகிறார், எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பார்கள். அடுத்தவர் உழைப்பைப் பணம் கொடுக்காமல் எடுத்து அதில் ஹலாலான சம்பாத்தியம் தேடுவது எப்படி? அதோடு வைரஸும் இலவசமாக வரும், பெண்கள் பக்கப் பதிவுகள் இருக்கும் கணினியில்! டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு 3840-க்கு 2160 அளவில், நொடிக்கு 60 படங்கள் வரை வெளியேற்றும். நம் வேலைக்குத் தாராளம். வன்பொருள் உதவி விஷயத்தில் மட்டும் இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் ஒன்றல்ல. ஆகவே எந்த மென்பொருளில் வேலை செய்யப் போகிறீர்களோ அதிலேயே சோதித்துப் பாருங்கள்.

கடையில்

உங்கள் கேமராவின் சொந்தப் பதிவுகள் நான்கைந்தைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். கடையில் உள்ள கணினியில் நகலெடுத்து ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜி.பி.யு.வைப் பாருங்கள். "வீடியோ டிகோட்" என்ற கோடு எழும்பினால் கணக்குப்பிள்ளை வேலை செய்கிறார். அது தரையில் கிடக்க, சி.பி.யு. கோடு மட்டும் உச்சத்தில் நின்றால் அந்தப் பதிவின் எழுத்து அவருக்குத் தெரியவில்லை. அதே இடத்தில் சி.பி.யு. மீது தட்டினால் பிராசஸரின் முழுப் பெயரும் வரும். சீட்டில் எழுதியதும் அதுவும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்ய விடாத கடையில் வாங்க வேண்டாம்.

புதுப் பிராசஸர் என்றால் பெட்டியோடு, ஜி.எஸ்.டி. ரசீதோடு வாங்குங்கள். பெட்டியில் வரும் இன்டெல் பிராசஸருக்குப் பொதுவாக மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருபவரிடம் சொல்லிவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. 18 வயது நிறைந்த பயணி ஒரு மடிக்கணினியைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். ஆனால் அங்கே வாங்கியதன் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

தவணை விஷயம். "நோ காஸ்ட் இ.எம்.ஐ., வட்டியே இல்லை" என்று விளம்பரம் வருகிறது. நடப்பது என்னவென்றால், வங்கி வட்டி போடுகிறது. அந்த அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி தருகிறார். அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் ரசீதில் தனியாக வரும். தவணை தவறினால் அபராதமும் வட்டியும் ஏறும். ஒப்பந்தத்தின் பெயரிலேயே வட்டி இருக்கும் இதை ஆலிம்களிடம் கேட்காமல் தொடாதீர்கள். நகையை அடகு வைத்து ஐ9 வாங்குவதைவிட, கையில் உள்ளதற்கு ஐ3 வாங்கி, அதே போர்டில் பிறகு ஐ5 மாற்றிக்கொள்வது நடக்கக்கூடிய வழி. ஐ3-12100-ம் ஐ5-12400-ம் ஒரே சாக்கெட்டில் உட்காரும்.

பழைய கணினியை விற்பவர்களுக்கும் ஒன்று. டிஸ்கில் ஊரார் வீட்டுப் பெண்களின் வீடியோ இருக்கும். அது அமானிதம். அழித்துவிட்டோம் என்று நினைத்து விற்றால் மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் விற்றுவிடுங்கள். சகோதரி அப்படித்தான் செய்தார்.

பழைய தவணை முடியும் முன்னரே, எங்கள் தவறு என்பதால், குழு கூடி அவருக்கு இரண்டாம் கடன் கொடுத்தது. ஐ5-12400, இரண்டு 8 ஜி.பி. துண்டுகள், ஒரு என்.வி.எம்.இ., புதிய பவர் சப்ளை. மானிட்டரும் யு.பி.எஸ்.ஸும் பழையவை. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கவில்லை. அதே கேமராவின் அதே பதிவு இப்போது பிராக்சி இல்லாமலே ஓடுகிறது. கனமான நிறத் திருத்தம் போட்டால் இன்னும் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. அதற்கு அவர் பிராக்சியையே வைத்துக்கொள்கிறார்.

கணினி வாங்க இருப்பவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக, மூன்று வகைக் கேமராக்களிலும் இரண்டு கைபேசிகளிலும் எடுத்த பதிவுகளை அவர் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார். எல்லாம் குடமுருட்டிக் கரையிலும் நாற்றங்காலிலும் எடுத்தவை. எந்த வீட்டு விசேஷமும் அதில் இல்லை. அறக்கட்டளை அலுவலகத்தில் அஸருக்குப் பின் கேட்டு வாங்கிப் போகலாம். மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்தவர் காத்திருப்பார்.